மூச்சைப் பிடி

செவ்வாயும் வெள்ளியும்
டியூட்டி முடித்து, மூஞ்சிக்கல்லில் இறங்கி
ஏற்றத்தில் நடப்பேன்.
முகம் கொடுக்க வருகிறவள்
இறங்குகிற ஸ்டாப்பின் பெயரைப் பார் என்று
முதல்நாள் நீ சிரித்தாய்.
நான் சிரிக்கவில்லை. சாக்ஸ் நனைந்திருந்தது.

தகரக் கூரை. சுவரெல்லாம் பூஞ்சணம்.
பேரிமரம் நினைத்துக்கொண்டாற்போல்
ஒரு காயைக் கூரைமேல் போடும்.
காபியிலும் டர்பன்டைன் வாசம்.
'இடது தோளை இறக்கு, மரகதம்.
அவ்வளவுதான். அசையாதே.'

எத்தனை பேரிடம் நான் சொன்ன சொல்!
அரசு மருத்துவமனை, எக்ஸ்ரே அறை, பதினோரு வருஷம்:
மோவாயைத் தூக்குங்க,
மூச்சை இழுத்துப் பிடிங்க,
அசையாதீங்க...
ம், விடுங்க.
உன்னிடம் அந்தக் கடைசி வார்த்தை கிடையாது.
வெளிச்சம் வடிகிற வரைக்கும்
பிடித்த மூச்சோடு உட்காரவைப்பாய்.

ஆடி முழுக்க மழை.
போன வாரம் வைத்த கன்னம்
இந்த வாரமும் விரலில் ஒட்டியது.
காயட்டும் என்று காத்திருந்த நாட்களில்
மீதி உடம்புக்கு இறங்கினாய்.
கடிகாரம் கழற்றிய இடத்து வெளுப்பு.
அடிவயிற்றில் மகள் வந்த கோடு;
தைத்தவர்கள் இருபது நிமிஷத்தில் முடித்ததற்கு
நீ மூன்று வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டாய்.

நாற்காலி முதுகில் கிடந்த ஸ்வெட்டரையும் விடவில்லை,
அதில் குத்தியிருந்த பேட்ஜையும்.
'இது எதற்கு?'
'மேலே பட்ட கதிரை அளக்க.
மூன்று மாசத்துக்கு ஒருதரம் அனுப்புவோம்.'
'எவ்வளவு பட்டிருக்கிறது?'
'அளவுக்குள்தான்' என்றேன்.
அது எக்ஸ்ரேவுக்குச் சொன்ன பதில்.

புரட்டாசியில் இருமிக்கொண்டு நீயே வந்தாய்.
டோக்கன் இருபத்தேழு.
தியோனீசியுஸ், ஆண், நாற்பத்தாறு.
வேலை என்ற இடத்தில்
'பெயின்டர்னு போடு,
வெள்ளையடிக்கிறவன்னு நினைச்சுக்கட்டும்' என்றாய்.
சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
குளிர்ந்த பிளேட்டில் நெஞ்சு பட்டதும்
பள்ளிக்கூடப் பையன்போலக் குறுகினாய்.
மூச்சைப் பிடிங்க என்றேன், எல்லாருக்கும் சொல்கிற குரலில்.
இருமிவிட்டாய். இன்னொரு படம் எடுக்க வேண்டியதாயிற்று.

நுரையீரலில் ஒன்றுமில்லை.
ஆனால் இடப்பக்கம்
ஆறு, ஏழு, எட்டு,
வரிசையாய் மூன்று விலா
எப்போதோ உடைந்து கோணலாய்க் கூடியிருந்தன.
எலும்பு இளசாய் இருந்த காலத்து முறிவு.
மரத்திலிருந்து விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.
இது விழுந்தது இல்லை.
அப்பாவைப் பற்றி அவ்வளவு பேசியிருக்கிறாய்:
பேக்கரி, கோயில் பாடகர் குழு,
கிறிஸ்துமஸுக்கு அவர் சுடும் பிளம் கேக்.
ஒரு வார்த்தை தவறியும் இது வந்ததில்லை.

'என்ன தெரியுது?' என்றாய்.
'டாக்டர் சொல்வார்.'
எங்கள் அறையில் அதுதான் சட்டம்.

வீணான முதல் படத்தை
குப்பையில் போடவில்லை.
சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
மகள் கேட்டாள், யாருதும்மா?
ஒருத்தருது, என்றேன்.
மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வரும்.
உன் விலாக்களுக்குள் நுழையும்,
கொஞ்சம் தங்கும்,
போகும்.
பால் பொங்குவதை இரண்டு தடவை கவனிக்கவில்லை.

கார்த்திகையில் ஒருவழியாய்க் காய்ந்தேன்.
சென்னையிலிருந்து வேன் வரப்போகிறது.
குளிரூட்டிய அறையில், முன்பின் தெரியாதவர்கள்
என் வயிற்றுக் கோட்டுக்குமுன் நின்று
தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள்.
இருக்கட்டும். அதில் மோவாய் என்னுடையதில்லை.

'என்னைப் போலவே இருக்கேனான்னு கேளு,
ஆனா பொய் சொல்லாதேன்னு சொல்லு' என்று
படத்துக்குப் பின்னால் நின்று
படம் பேசுவதாய் நடித்தாய்.

'டாக்டர் சொல்வார்' என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாய்.
சிரிக்கும்போது உன் வலது கை
தானாக இடப்பக்கம் போய்ப் பொத்திக்கொண்டது.
எப்போதும் அப்படித்தான் சிரித்திருக்கிறாய் போல.
இத்தனை மாதம் நான்
அசையக்கூடாதவளாய் உட்கார்ந்திருந்ததில்
கவனிக்கவில்லை.

எழுந்து வந்து அந்தக் கையின்மேல்
என் கையை வைத்தேன்.
ம், விடுங்க.